‘சிவப்பு’ என்று பச்சை மையில் எழுதியிருந்தால்: படிக்கத் தெரியாத அத்தை தடுமாறவில்லை, நான் ஏன் தடுமாறினேன்?

ஆரணி மருமகள் கேட்டது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. சென்ற மாதம் ஒரு பயிற்சி மையத்தில் இலவசமாகக் ‘கவனத்திறன் சோதனை’ செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். ஓர் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். அதில் நிறங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. சொல் ஒரு நிறம், மை வேறொரு நிறம். சொல்லைப் படிக்கக் கூடாது, மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். பச்சை மையில் ‘சிவப்பு’ என்று இருந்ததைப் பார்த்து இவன் ‘சிவ...’ என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு ‘பச்சை’ என்றான். இப்படி ஏழெட்டு இடங்களில். சோதித்தவர் முகத்தை நீட்டிக்கொண்டு, “கவனம் சிதறுகிறது. ஆறு மாதம் எங்களிடம் பயிற்சி எடுத்தால் சரியாகிவிடும்” என்றார். கட்டணத்தைக் கேட்டதும் சிதறியது என் கவனம்தான்.

வீட்டுக்கு வந்ததும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே ஓர் அட்டை தயாரித்தேன். மகனுடைய ஸ்கெட்ச் பேனாக்களில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று நான்கு. ஒரு தாளில் 40 வெறும் நிறக்கட்டங்கள், இன்னொரு தாளில் 40 பொருந்தாத சொற்கள். செல்போனில் நேரம் பார்த்தோம். கட்டங்களுக்கு எனக்கு 28 விநாடி, சொற்களுக்கு 47. வங்கியில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் என்னைவிட மோசம். பாதியில் “பேனா சரியில்லை” என்று சொல்லி எழுந்துவிட்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. அத்தை பள்ளிக்கூட வாசலை மிதித்தவர் இல்லை. ஏழு வயதிலிருந்து பட்டுத்தறி வீட்டில் தார் (நெசவுக்கான ஊடை நூல் சுற்றிய கட்டை) சுற்றியவர். இரண்டு தாளையும் ஒரே வேகத்தில் முடித்தார். ஒரு விநாடியோ இரண்டு விநாடியோதான் வித்தியாசம். அவருடைய ஒரே குறை என் பேனாவைப் பற்றியது. “இது அரக்கும் இல்லை, மிளகாய்ப்பழச் சிவப்பும் இல்லை. இதற்கு என்ன பெயர் சொல்வது?” என்று கேட்டார். ‘சிவப்பு என்றே சொல்லுங்கள் அத்தை’ என்று கெஞ்சி ஓட்ட வேண்டியிருந்தது.

இன்னொன்றும் செய்து பார்த்தோம். நான்கு நிறக் கண்ணாடி வளையல்களைத் தரையில் பரப்பி, மகனிடம் “வாயைத் திறக்காதே, மை எந்த நிறமோ அந்த வளையலைத் தொடு” என்றேன். அவன் கிட்டத்தட்ட தடுமாறவே இல்லை! அதே கண், அதே தாள், அதே பையன்.

அவனுக்கு உண்மையிலேயே கவனக் குறைவு இருக்கிறதா? அப்படியானால் வளையலைத் தொடும்போது அது எங்கே போயிற்று? பி.காம். படித்த என்னை அத்தை எப்படித் தோற்கடித்தார்?

---

போர்டு எழுதுபவன்:

சகோதரி, முப்பது வருடமாகக் கடைப் பலகை எழுதுகிறேன். இப்போது ஃப்ளெக்ஸ் வந்து பாதி வேலை போய்விட்டது, அது வேறு கதை. இந்த அட்டையைச் சமாளிக்க ஒரு வழி உண்டு. சொல்லை முழுதாகப் பார்க்காதீர்கள். கடைசி எழுத்தின் சுழியை மட்டும் பாருங்கள், இல்லையென்றால் கண்ணை இடுக்கிக்கொள்ளுங்கள். பெயிண்ட் தெரியும், சொல் தெரியாது. பலகை எழுதும்போது எனக்கு அப்படித்தான். ‘ப’ போட்டு ‘ச்’ போடுகையில் அது கோடும் வளைவும்தான். அதனால்தான் என் பலகைகளில் எழுத்துப் பிழை இருந்தால் கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எனக்கும் ஒரு சந்தேகம். ஒருமுறை கிளி படம் போட்ட தீப்பெட்டி ஏஜென்சிக்கு ‘கிளி’ என்று பெரிதாகச் சிவப்பில் எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்து ஏணியிலிருந்து இறங்கிப் பார்த்தால் கண்ணை உறுத்தியது. நிறத்தின் பெயர் இல்லாத சொல்லும் இப்படி இழுக்குமா?

---

பழைய ஸ்டாப்வாட்ச்:

ஆரணி மருமகளுக்கு,

முதலில் பையனைப் பற்றிய கவலையை இறக்கி வையுங்கள். அவன் தடுமாறியதற்குக் காரணம் அவனுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும் என்பது. தடுமாறாமல் ஓடியிருந்தால்தான் நான் அவனுடைய வாசிப்பைப் பற்றி விசாரித்திருப்பேன்.

ஒரு கல்லூரியின் உளவியல் செய்முறைக் கூடத்தில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்தவன் நான். போஸ்டர் கலரில் நானே இந்த அட்டையை எழுதி, ஒவ்வொரு ஜூலையிலும் புது மாணவர்கள் முன்னால் நீட்டுவேன். எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் மூன்றாவது வரியில் சிரித்துவிடுவான். ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லோருக்கும் ஒரே விநாடிக் கணக்கு வரும். சீனியரைப் பார்த்து எழுதியது. நிஜமாகச் செய்தவன் யார், காப்பி அடித்தவன் யார் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிடும்.

இதற்கு ஸ்ட்ரூப் சோதனை என்று பெயர். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்பவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரத்து ஜார்ஜ் பீபாடி கல்லூரியில் ஆய்வு மாணவராக இருந்தபோது செய்து 1935-இல் வெளியிட்டது. சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு, ஊதா என்று ஐந்து நிறங்கள், பத்துக்குப் பத்தாக நூறு சொற்கள், எந்தச் சொல்லும் தன் நிறத்திலேயே வராது. நூறு பேரிடம் செய்தார். வெறும் நிறச் சதுரங்களின் பெயரைச் சொல்லச் சராசரியாக 63.3 விநாடி ஆயிற்று. பொருந்தாத சொற்களின் மை நிறத்தைச் சொல்ல 110.3 விநாடி. முக்கால் பங்கு நேரம் கூடுதல், அதுவும் எல்லோரும் கல்லூரியில் படித்தவர்கள். உங்கள் 28-ஐயும் 47-ஐயும் வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய அதே கணக்குதான். காலண்டர் தாளில் இவ்வளவு சுத்தமாக வந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அதே ஆய்வில் இதைத் திருப்பிப் போட்டும் பார்த்தார். மை எந்த நிறமாகவும் இருக்கட்டும், சொல்லைப் படி என்றார். கறுப்பு மையில் படிப்பதைவிட நூறு சொல்லுக்கு வெறும் 2.3 விநாடிதான் அதிகம். சொல் நிறத்தை மறிக்கிறது, நிறம் சொல்லை மறிப்பதில்லை. ஒருவழிப் பாதை.

காரணத்தின் நுனி அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே கிடைத்துவிட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில், உளவியல் முன்னோடி வுண்டின் ஆய்வுக்கூடத்தில் இருந்த கேட்டெல் என்ற ஆய்வாளர், ஒரு நிறத்தைப் பார்த்துப் பெயர் சொல்வதைவிட அந்தப் பெயரை எழுத்தில் படிப்பது வேகமாக நடக்கிறது என்று 1886-இல் எழுதினார். நிறத்துக்குப் பெயர் தேடுவது நாம் முயன்று செய்கிற வேலை. எழுத்தைப் பார்த்தால் சொல் தானாக வந்து விழுகிறது. ஆயிரமாயிரம் முறை செய்து தேய்ந்த தடம் அது. ‘படிக்காதே’ என்று கட்டளை போட்டால் நிற்காது. கண் திறந்திருக்கும்போது கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காதே என்றால் முடியுமா?

இப்போது உங்கள் அத்தை. அவருக்கு அந்தத் தாளில் இருந்தது சொல் இல்லை. நிற நூலைப் போட்டு நெய்த ஏதோ ஒரு புட்டா. நாற்பது தார்க் கட்டைகளை வரிசையாக அடுக்கிக் காட்டியிருந்தால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார். படித்தவர்களை அவர் நிலைக்குக் கொண்டுபோகவும் ஒருவர் முயன்றிருக்கிறார். அமீர் ராஸ் என்ற ஆய்வாளர், எளிதில் ஹிப்னாடிசத்துக்கு வசப்படுகிறவர்களைத் தேர்ந்தெடுத்து, ‘நீங்கள் பார்க்கப்போவது உங்களுக்குத் தெரியாத ஏதோ ஓர் அந்நிய மொழியின் குறிகள், அவற்றுக்கு அர்த்தமே இல்லை’ என்று அவர்கள் மனத்தில் பதிய வைத்தார். 2002-இல் வெளியான முடிவு: அவர்களிடம் இந்தத் தடுமாற்றம் காணாமல் போயிற்று. அவ்வளவு பாடுபட்டு அவர்கள் அடைந்த இடத்தில் உங்கள் அத்தை வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வளையல் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. சண்டை கண்ணில் நடப்பதாக நினைக்கிறோம். பெரும்பகுதி நடப்பது நாக்கின் வாசலில். ‘சிவப்பு’, ‘பச்சை’ என்று இரண்டு பெயர்களும் ஒரே வாசல் வழியாக வெளியே வர முட்டுகின்றன, எழுத்து சொன்ன பெயர் முண்டியடித்து முன்னால் நிற்கிறது. பச்சை மையைப் பார்த்துப் பச்சை வளையலைத் தொடுவதற்குப் பெயரே தேவையில்லை. நிறத்தோடு நிறத்தைச் சேர்த்தால் போதும், அதனால் சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. இன்று மாலை இதைத் திருப்பிச் செய்து பாருங்கள்: மையை விட்டுவிட்டு, சொல் குறிக்கிற நிற வளையலைத் தொடச் சொல்லுங்கள். பையன் இம்முறை மையால் தடுமாறுவான். சுட்டிக்காட்டும் முறையில் இப்படித் தலைகீழாகும் என்று ஆய்வுக்கூடங்களிலும் கண்டிருக்கிறார்கள்.

போர்டு எழுதுபவருக்கு: உங்கள் உறுத்தல் சரி. ஜார்ஜ் கிளைன் 1964-இல் இதைப் படிப்படியாக அளந்து காட்டினார். அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டு கொஞ்சம் இழுக்கும். சாதாரணச் சொல் அதைவிட. புல், வானம், எலுமிச்சை மாதிரி நிறத்தை நினைவூட்டுகிற சொல் இன்னும் அதிகம். நிறத்தின் பெயர்தான் எல்லாவற்றையும் மிஞ்சும். உங்கள் கிளி மூன்றாவது படியில் உட்கார்ந்திருக்கிறது. கடைசிச் சுழியை மட்டும் பார்க்கும் உத்தியையும் குறை சொல்ல மாட்டேன்: சொல் முழுவதற்கும் நிறம் பூசாமல் ஓர் எழுத்துக்கு மட்டும் பூசினால் தடுமாற்றம் குறைகிறது என்று 1997-இல் கண்டார்கள். ஆனால் கண்ணை இடுக்குவது, பரீட்சையில் கேள்வித்தாளைப் படிக்காமல் இருப்பது மாதிரி. அதற்கு நான் மதிப்பெண் போட்டதில்லை.

---

இரண்டாம் வகுப்பு டீச்சர்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற என் பிள்ளைகளிடம் இதை வைத்தால் பாதிப் பேர் அத்தை மாதிரி ஓடிவிடுவார்கள். அரையாண்டு முடிந்து சரளமாகப் படிக்க ஆரம்பித்ததும் மாட்டிக்கொள்வார்கள். ஏழெட்டு வயதுதான் இந்தத் தடுமாற்றம் உச்சத்தில் இருக்கும் வயது என்றும், வளர வளரக் குறைந்து, முதுமையில் மறுபடி ஏறும் என்றும் நான் படித்திருக்கிறேன். உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான்.

கவனக் குறைபாடு என்று ஒரு மருத்துவர் சொல்வதற்கு ஓர் அட்டை போதாது. வீட்டிலும் பள்ளியிலும் என்று இரண்டு இடங்களிலாவது, குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்து அந்த நடவடிக்கைகள் இருக்கின்றனவா என்று பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். மருத்துவமனைகளில் இந்த அட்டையைப் பயன்படுத்துவது உண்டு, ஆனால் பல சோதனைகளில் ஒன்றாக, வயதுக்குரிய அளவோடு ஒப்பிட்டு. ‘ஏழெட்டு இடத்தில் தடுமாறினான், பணம் கட்டுங்கள்’ என்பதில் என்ன ஒப்பீடு இருக்கிறது? வகுப்பு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குப் புகார் இல்லை என்றால் அந்தக் காசில் பையனுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

---

சும்மா ஒரு சந்தேகம்:

பெரியவர் இவ்வளவு விரிவாகச் சொன்னாலும் விஷயம் எளிது என்றே தோன்றுகிறது. படிப்பது வேகம், நிறத்துக்குப் பெயர் சொல்வது மந்தம். இரண்டு குதிரைகள் ஓடுகின்றன, முதலில் வந்தது வாசலை அடைக்கிறது. தாளைத் தலைகீழாகப் பிடித்தால் படிக்கும் குதிரை நொண்டும், பிரச்சினை தீர்ந்தது. இதற்குத் ‘தேய்ந்த தடம்’ எல்லாம் எதற்கு?

---

ஆரணி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. வகுப்பு ஆசிரியரிடம் கேட்டேன். “பேச்சுதான் அதிகம், கவனமெல்லாம் நன்றாகவே இருக்கிறது” என்றார். பேச்சு அப்பா வழியில் வந்தது.

வளையலைத் திருப்பிச் செய்தோம். ஐயா சொன்னபடியே பையன் கை இரண்டு வளையல்களுக்கு நடுவே ஆடியது. தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தோம். எனக்கு நேரம் குறைந்தது, ஆனால் கட்டங்களின் அளவுக்கு வரவில்லை. இன்னொன்று: வீட்டுக்காரர் அதே சொற்களை ஆங்கில எழுத்தில் ஆங்கிலமாகவே எழுதினார். தமிழில் பதில் சொன்னபோது தடுமாற்றம் குறைவாக இருந்தது. இல்லாமல் போகவில்லை. இதற்கு என்ன காரணம் ஐயா?

---

பழைய ஸ்டாப்வாட்ச்:

சந்தேகக்காரருக்கு முதலில். நீங்கள் சொன்ன குதிரைப் பந்தயக் கதையை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். பிறகுதான் டன்பார், மெக்லியோட் இருவரும் 1984-இல் வெளியிட்டதைப் படித்தேன். சொற்களைத் தலைகீழாகவும் திருப்பியும் காட்டி, படிப்பதை நிறம் சொல்வதைவிட மந்தமாக்கினார்கள். அப்போதும் சொல் மறித்தது. நொண்டிக் குதிரையும் வழியை அடைக்கிறது என்றால் வேகம் மட்டும் காரணமாக இருக்க முடியாது.

1988-இல் அதே இருவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ஒழுங்கில்லாத நான்கு உருவங்களுக்கு நிறங்களின் பெயரை வைத்தார்கள். இந்த உருவத்தின் பெயர் ‘பச்சை’, அந்த உருவத்தின் பெயர் ‘நீலம்’ என்று. முதலில், உருவத்தின் பெயரைச் சொல்லும்போது அதன் நிறம் குறுக்கே வந்தது. ஐந்து நாள் பயிற்சிக்குப் பின் இரண்டும் ஒன்றையொன்று மறித்தன. இருபது நாளில் நிலைமை முழுக்கத் தலைகீழ்: நிறத்தைச் சொல்லும்போது உருவத்தின் பெயர் குறுக்கிட்டது, உருவத்தைச் சொல்லும்போது நிறம் ஒன்றும் செய்யவில்லை. எழுத்து என்பதற்காக அதற்குத் தனிச் சக்தி ஒன்றும் இல்லை. பழக்கம் எங்கே அதிகமோ அங்கே தடம் ஆழம். இருபது நாளில் ஒரு கிறுக்கல் படத்துக்கு இவ்வளவு பிடி வருமென்றால், ஐந்து வயதில் பிடித்த எழுத்து நம்மை விடுமா?

மருமகளின் ஆங்கிலக் கேள்விக்கு: ப்ரெஸ்டன், லாம்பர்ட் இருவரும் 1969-இல் இரு மொழி தெரிந்தவர்களிடம் இதைப் பார்த்தார்கள். சொல் ஒரு மொழியிலும் பதில் இன்னொரு மொழியிலும் இருந்தால் தடுமாற்றம் குறையும், ஆனால் போகாது. சொற்கள் ஒன்றுபோல இருக்கிற மொழிகளில், ஆங்கிலமும் ஜெர்மனும் மாதிரி, குறைவது சொற்பம். நமக்கு ஆங்கிலச் சொல் எழுத்திலும் ஒலியிலும் தமிழோடு ஒட்டுவதில்லை. ஆகவே அது நாக்கின் வாசலில் முட்டவில்லை, அர்த்தத்தை மட்டும் உள்ளே அனுப்பி லேசாகக் குழப்புகிறது.

கிழவனின் ஒரு துணுக்கு. இவ்வளவுக்கும் வித்திட்ட ஸ்ட்ரூப் அப்புறம் இதைப் பெரிதாகத் தொடரவில்லை. நாஷ்வில்லிலேயே டேவிட் லிப்ஸ்கம் கல்லூரியில் பைபிள் கற்பித்து, மதப் போதகராக வாழ்ந்து 1973-இல் மறைந்தார். இவர் பெயரில் எழுதப்பட்ட கட்டுரைகளைக் கட்டினால் என் பழைய ஆய்வுக்கூடம் கொள்ளாது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். அத்தைக்கு எழுத்து தெரியாது, சரி. இலக்கம் தெரியுமா? பஸ் நம்பர், ரூபாய் நோட்டு? தெரியுமென்றால் ஒரு தாளில் ‘4 4 4’, ‘2 2 2 2’, ‘3’, ‘1 1’ என்று எழுதுங்கள். எந்த இலக்கம் என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு வரியிலும் எத்தனை இருக்கின்றன என்று மட்டும் கேளுங்கள். பக்கத்தில் அதே எண்ணிக்கையில் புள்ளி வைத்த தாள் ஒன்றும் வேண்டும், ஒப்பிட.

---

ஆரணி மருமகள்:

ஐயா, நேற்று இரவு சாப்பாட்டுக்குப் பின் செய்தோம். அத்தைக்கு இலக்கம் நன்றாகத் தெரியும். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் அவர்தான்.

புள்ளித்தாளைக் கோலப்புள்ளி எண்ணுவது போல மளமளவென்று முடித்தார். பிறகு இலக்கத்தாள். முதல் வரியில் ‘4 4 4’. அத்தை “நான்கு” என்றார். நிறுத்தினார். தாளைக் கிட்டே கொண்டுபோனார். “இல்லை, மூன்று.” அடுத்தது ‘2 2 2 2’. “இரண்டு... ஐயோ, நான்கு.” மகன் தரையில் உருண்டு சிரித்தான். ஆறாவது வரியில் அத்தை வாயைக் கையால் பொத்திக்கொண்டு, விரலை நீட்டி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.

எட்டாவது வரியில் தாளை என் மடியில் போட்டுவிட்டார். “போன தடவை ஒழுங்கான தாள் கொடுத்தாய். இந்தத் தடவை வேண்டுமென்றே ஏமாற்றுத் தாள் கொடுக்கிறாய்” என்று என் மேல் கோபம். காலையில் காப்பி கொடுத்தபோதும் அது தீரவில்லை.